ஒன்றரை ஷிப்ட்டும் அரை செகண்டும்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிற யாரிடமாவது "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலைங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மணிக்கணக்கில் பதில் வராது. "ஒன்றரை ஷிப்ட்டுங்க" என்பார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டால் அது இரண்டாகும், சில நாள் விடிய விடியவும் ஓடும். சனிக்கிழமை கையில் வாங்கும் சம்பளமும் அந்த வாரம் எத்தனை ஷிப்ட் என்ற கணக்கில்தான். (பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் கதை வேறு. அவர்களுக்கு ஷிப்ட் எல்லாம் கிடையாது, தைத்த டஜன்தான் கணக்கு.)

அதே ஊரில், பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில், நேரத்தை இதைவிடப் பொடிப்பொடியாக நறுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். ஐ.இ. டிபார்ட்மென்ட், அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். ஸ்டாப் வாட்ச்சோடு லைனுக்குப் பின்னால் வந்து நிற்பவர்கள். தோள் ஜாயின்ட் போட எவ்வளவு நேரம், கை ஏற்ற எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் எஸ்.எம்.வி. என்றொரு நிமிஷக் கணக்கு வைத்திருப்பார்கள். ஒரு ஆபரேஷனுக்கு அரை நிமிஷம் என்று முடிவானால் மணிக்கு 120 பீஸ் என்பது முழு டார்கெட். இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. கை நீட்டித் துணியை எடுப்பது, விளிம்போடு விளிம்பு சேர்ப்பது, ஊசிக்கு அடியில் வைப்பது என்று ஒவ்வொரு அசைவையும் டி.எம்.யூ. என்ற அலகில் எண்ணிக் கூட்டிவிடும். ஒரு மணி நேரத்தை ஒரு லட்சம் துண்டாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு டி.எம்.யூ. கணக்குப் போட்டால் 36 மில்லி செகண்ட்.

இவ்வளவு நுணுக்கமான கணக்கிலும் ஒரு விஷயம் மொத்தமாகத்தான் வரும். களைப்பு. "பெர்சனல், ஃபட்டீக் அலவன்ஸ்" என்று ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கடைசியில் கூட்டிவிடுவார்கள். காலை ஒன்பது மணிக்கும் அதே சதவீதம், இரவு எட்டு மணிக்கும் அதே சதவீதம். அரை நிமிஷ ஆபரேஷன் நாள் முழுக்க அரை நிமிஷ ஆபரேஷன்தான்.

களைப்பு உண்மையில் அப்படியா வருகிறது? அதைப் பார்க்கத்தான் சைக்காலஜிக்காரர்களிடம் வேறொரு வகை மென்பொருள் இருக்கிறது. ரியாக்‌ஷன் டைம், அதாவது எதிர்வினை நேரத்தை அளப்பது. இதில் பல வகை உண்டு என்றாலும் தூக்கம், களைப்பு என்று வரும்போது பெரும்பாலும் கையில் எடுப்பது பி.வி.டி. என்ற சோதனையைத்தான். டேவிட் டிங்கஸ், ஜான் பவல் என்ற இரண்டு பேர் 1985-ல் வெளியிட்டது. ஆரம்பத்தில் கைக்கு அடக்கமான ஒரு பெட்டியாக இருந்தது, பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தது.

சோதனை ரொம்ப எளிது. காலியான திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு செகண்டிலிருந்து பத்து செகண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஒரு எண் தோன்றி ஓட ஆரம்பிக்கும். பார்த்ததும் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கியதும் நின்றுவிடும். நின்ற இடத்தில் இருப்பதுதான் உங்கள் நேரம், மில்லி செகண்டில். மறுபடியும் காலித் திரை. பத்து நிமிஷத்துக்கு இதேதான். வீடியோ கேம் மாதிரி இருக்கும் என்று நினைத்து உட்காருகிறவர்கள் மூன்றாவது நிமிஷத்திலேயே கொட்டாவி விடுவார்கள். அந்த போர்தான் இந்தச் சோதனையின் சரக்கே. சுவாரஸ்யமாக ஏதாவது இருந்தால் தூக்கக் கலக்கத்திலும் மனுஷன் சமாளித்துவிடுவான். ஒன்றுமே இல்லாத இடத்தில்தான் மாட்டிக்கொள்வான்.

நன்றாகத் தூங்கி எழுந்த ஆளுக்கு ஏறக்குறைய கால் செகண்ட், அதாவது 250 மில்லி செகண்ட் பக்கம் வரும். தூக்கம் கெட்டவருக்கு? எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் மெதுவாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் செய்கிறது. ஆனால் விஷயம் அதில் இல்லை. 260, 270, 255 என்று ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும், நடுவில் திடீரென்று ஒரு 900 விழும். அடுத்தது மறுபடி 265. அந்த ஒரு தடவை ஆள் அங்கே இல்லை. அரை செகண்டைத் தாண்டும் இந்த மாதிரி விடுபடல்களை லேப்ஸ் என்று தனியாக எண்ணுகிறார்கள். சராசரியை மட்டும் பார்த்தால் இவை கரைந்து போய்விடும். பத்து நிமிஷத்தில் எத்தனை லேப்ஸ் என்று எண்ணினால்தான் தூக்கமின்மை பளிச்சென்று தெரியும்.

இதைத் தையல் மெஷின் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். பவர் மெஷின் நிமிஷத்துக்கு 5000 தையல் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்லாக்குக்கு இது ஒன்றும் பெரிய வேகமில்லை. செகண்டுக்கு 83 தையல். அதாவது 12 மில்லி செகண்டுக்கு ஒரு முறை ஊசி இறங்கி ஏறுகிறது. துணி கோணலாகப் போவதைப் பார்த்துப் பெடலில் இருந்து காலை எடுக்க நல்ல தெளிவோடு இருக்கும் டெய்லருக்கே கால் செகண்ட் ஆகும், அதற்குள் 20 தையல் விழுந்திருக்கும். இன்ச்சுக்குப் பத்து தையல் என்றால் இரண்டு இன்ச். ஒரு லேப்ஸ் வந்தால் நாலு இன்ச்சுக்கு மேல். நாலு இன்ச் என்பது ஒரு குழந்தை பனியனின் தோள் அகலம் இருக்கும். அந்த நாலு இன்ச்சில் கோணல் விழுந்தால் பீஸ் டேமேஜ் டேபிளுக்குப் போகும். விரல் இருந்தால் ஊசி ஏறும்.

ஊசி ஏறிய டெய்லரிடம் சூப்பர்வைசர் கேட்கும் முதல் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். "தூங்கிட்டியாம்மா?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "இல்லீங்ண்ணா, முழிச்சுத்தானுங்க இருந்தேன்." இரண்டு பேர் சொல்வதிலும் பொய் இல்லை. கண் திறந்திருந்தது, கை துணியைப் பிடித்திருந்தது, கால் பெடலில் இருந்தது. அரை செகண்ட் மட்டும் இல்லை.

முழித்திருந்தேன் என்று அவர் நம்புவதற்கும் காரணம் இருக்கிறது. ஹான்ஸ் வான் டோங்கனும் டிங்கஸும் சேர்ந்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில் 48 ஆரோக்கியமான ஆட்களைக் கூறு பிரித்தார்கள். சிலருக்கு இரவில் எட்டு மணி நேரப் படுக்கை, சிலருக்கு ஆறு, சிலருக்கு நாலு. இரண்டு வாரம். ஆறு மணி நேரமும் அதற்குக் குறைவாகவும் படுத்தவர்களின் பி.வி.டி. நாளாக நாளாகச் சரிந்துகொண்டே போனது. கடைசியில் ஒன்றிரண்டு இரவு கண்ணே மூடாதவர்கள் அளவுக்கு வந்து நின்றது. ஆனால் "எவ்வளவு தூக்கமாக இருக்கிறது?" என்று கேட்டால், முதல் சில நாளுக்குப் பிறகு அவர்கள் சொன்ன பதில் பெரிதாக மாறவில்லை. பழகிவிட்டது என்று நினைத்தார்கள். நம் ஊரில் "பழகிருச்சுங்க" என்று சொல்லாத ஆள் உண்டா?

இன்னொரு ஒப்பீடு. 2000-ல் ஆஸ்திரேலியாவில் வில்லியம்சன், ஃபேயர் என்ற இருவர், 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களைச் சோதித்தார்கள். சில சோதனைகளில் அவர்கள் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர்களுக்குச் சமமாக, அல்லது இன்னும் மோசமாகச் செய்தார்கள். இந்தியாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பு 0.03 சதவீதம். காலை ஐந்து மணிக்கு எழுந்து, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்து, கம்பெனி வேனைப் பிடித்து வந்த ஒரு அம்மா இரவு பத்து மணிக்கு மெஷினில் உட்கார்ந்திருந்தால் 17 மணி நேரம் ஆகிவிட்டது. ஊதச் சொல்லிப் பார்க்க அங்கே போலீஸ் இல்லை.

அப்படியென்றால் எல்லாக் கம்பெனியிலும் இந்த மென்பொருளைப் போட்டு, ஷிப்ட்டுக்கு முன்னால் எல்லாரையும் பட்டன் அமுக்கச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இங்கேதான் ஒரு பழைய கதை வருகிறது.

1796-ல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் டேவிட் கின்னப்ரூக் என்று ஒரு உதவியாளர். வேலை, நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பது. கண்ணால் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே காதால் கடிகாரத்தின் டிக் டிக்கை எண்ண வேண்டும். தலைவர் மாஸ்கலின் குறித்ததைவிட இவர் குறித்தது 0.8 செகண்ட் பிந்தி இருந்தது. சொல்லிப் பார்த்தார், திருந்தவில்லை, வேலையை விட்டு அனுப்பிவிட்டார். இருபத்தைந்து வருஷம் போல் கழித்து பெஸ்ஸல் என்ற ஜெர்மன் வானியலாளர் இந்தக் கதையைத் தோண்டி எடுத்தார். நல்ல அனுபவசாலிகளுக்கு நடுவிலும் ஆளுக்கு ஆள் இப்படி வித்தியாசம் இருப்பதை அளந்து காட்டினார். மாஸ்கலின் குறித்ததுதான் சரியான நேரம் என்று யார் சொன்னது? எதிர்வினை நேரத்தை அளக்கும் கதையே முக்கால் செகண்டுக்காக ஒருவர் வேலையை இழந்ததில்தான் தொடங்குகிறது.

இன்றைய மென்பொருளிலும் இந்தச் சிக்கல் போகவில்லை. திரையில் ஓடும் எண்ணைப் பார்த்து "இது என் வேகம்" என்று நினைக்கிறோம். அதில் கம்ப்யூட்டரின் சோம்பலும் சேர்ந்திருக்கும். சாதாரண மானிட்டர் செகண்டுக்கு 60 தடவைதான் படத்தைப் புதுப்பிக்கிறது. ஒரு தடவைக்கு 16.7 மில்லி செகண்ட், ஆகவே எண் தோன்ற வேண்டிய நொடியும் தோன்றிய நொடியும் ஒன்றாக இருக்காது. சாதாரண யு.எஸ்.பி. கீபோர்டிடம் "ஏதாவது அமுக்கினாங்களா?" என்று கம்ப்யூட்டர் கேட்பது 8 மில்லி செகண்டுக்கு ஒரு முறை. கீபோர்டுக்கு உள்ளேயும் தாமதம் உண்டு. நல்ல கேமிங் மவுஸ் என்றால் மில்லி செகண்டுக்கு ஒரு முறை பதில் சொல்லும். டச் ஸ்கிரீன் போனில் மாடலுக்கு மாடல் பத்து, இருபது என்று எகிறும்.

மென்பொருள்கள் பாவம், தங்கள் பங்கைச் செய்கின்றன. பிட்ஸ்பர்க்கில் இருந்து வரும் ஈ-பிரைம் காசு கொடுத்து வாங்க வேண்டியது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜான் பீர்ஸ் 2002-ல் ஆரம்பித்த சைக்கோபை இலவசம், பைத்தான் தெரிந்த மாணவர்கள் நேராக உள்ளேயே கை வைக்கலாம், தெரியாதவர்கள் பெட்டி பெட்டியாக இழுத்துப் போட்டுச் சோதனையைக் கட்டலாம். 2020-ல் பீர்ஸும் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட மென்பொருள்களை வரிசையாக வைத்துக் கருவி கட்டி அளந்தார்கள். சைக்கோபை, ஈ-பிரைம் போன்ற நல்லவை, நல்ல லேப் கம்ப்யூட்டரில், ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவாகத்தான் ஆடின. பிரவுசரில் ஓடும்போது ஆட்டம் கூடியது, கம்ப்யூட்டரும் பிரவுசரும் மாறினால் தாமதமும் மாறியது. (சைக்கோபையை எழுதியவரே சைக்கோபைக்குப் பரீட்சை வைத்தாரா என்று கேட்பவர்களுக்கு: அவர்கள் தரவுகளையும் நிரல்களையும் பொதுவில் போட்டுவிட்டார்கள், வேண்டுமென்றால் நீங்களே திருப்பிச் செய்து பார்க்கலாம்.)

இந்தத் தாமதம் எப்போது ஆபத்து, எப்போது இல்லை? ஒரே ஆளை, ஒரே கம்ப்யூட்டரில், காலையிலும் இரவிலும் அளந்தால் பிரச்னை குறைவு. கீபோர்டு 40 மில்லி செகண்ட் கூட்டிக் காட்டினால் இரண்டு தடவையும் அதே 40 கூடும், கழித்தால் போய்விடும். ஆனால் ஒரு கோடு போட்டு, "அரை செகண்டைத் தாண்டினால் லேப்ஸ், பத்து லேப்ஸைத் தாண்டினால் இன்று மெஷினில் உட்காராதே" என்று ஆரம்பித்தால் கதை மாறிவிடும். ஒரு ஆள் 470-ல் அமுக்கியிருக்கிறார். பழைய கீபோர்டு அதை 510 என்று எழுதுகிறது. மெஷினின் தாமதம் ஆளின் பேரில் பற்று எழுதப்படுகிறது. அன்றைய ஷிப்ட் சம்பளம் போச்சு. பக்கத்து டேபிளில் புது மவுஸ் கிடைத்தவர் தப்பித்தார். கின்னப்ரூக்குக்காவது ஒரு மாஸ்கலின்தான்.

சரி, இந்தச் சோதனைகளைத் தமிழ்நாட்டில், உழைக்கிற ஆட்களிடம் யாராவது ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள். சென்னையில். பெட்ரோ பெசோனே, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா ஆகிய ஐந்து பேர் நடத்திய ஆய்வு, 2021-ல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் என்ற இதழில் வந்தது. குறைந்த வருமானம் உள்ள 452 பேர். அவர்களுக்கு ஒரு ஆபீஸில் டேட்டா என்ட்ரி வேலை கொடுத்தார்கள், தட்டிய அளவுக்குக் கூலி. கையில் வாட்ச் போன்ற ஒரு கருவியைக் கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். கவனத்தை அளக்க வைத்த சோதனைகளில் நம்ம பி.வி.டி.யும் உண்டு.

முதலில் தெரிய வந்ததே அதிர்ச்சி. எட்டு மணி நேரம் படுக்கையில் இருக்கிறார்கள், தூங்குவது ஐந்தரை மணி நேரம்தான். சத்தம், புழுக்கம், கொசு எல்லாம் இருக்கும் வீடுகள். தூக்கம் துண்டு துண்டாக வருகிறது. தூக்க நோய் உள்ளவர்களுடைய தூக்கத்தோடு ஒப்பிடும் அளவுக்கு மோசம்.

சிலருக்கு மெத்தை, ஃபேன், காதுக்கு அடைப்பான் என்று கொடுத்து, தூக்கத்தைப் பற்றி எடுத்துச் சொல்லி, அதிகம் தூங்க ஊக்கப்படுத்தினார்கள். மூன்று வாரம். இரவுக்கு 27 நிமிஷம் தூக்கம் கூடியது. பலன்? ஒன்றும் தெரியவில்லை. கவனத்திலும் இல்லை, வேலையிலும் இல்லை. நிபுணர்களின் கணிப்புக்கு நேர் எதிர். ஆனால் இன்னொரு கூட்டத்துக்கு ஆபீஸிலேயே மதியம் அரை மணி நேரம் படுத்துக்கொள்ள அமைதியான இடம் கொடுத்தார்கள். இவர்களுக்குக் கவனமும் கூடியது, தட்டும் வேகமும் கூடியது, மனசும் தேறியது. வீட்டில் கிடைத்த 27 நிமிஷம் செய்யாததை ஆபீஸில் கிடைத்த அரை மணி செய்தது. ஒரே குறை, தூங்கிய அரை மணி நேரம் வேலை நேரத்தில் கழிந்தது. கூடிய வேகம் அந்த இழப்பை முழுதாக ஈடு கட்டவில்லை. முதலாளிகள் காதில் கடைசி வாக்கியம் மட்டும் விழும் என்பது தெரிந்ததுதான் :-)

இப்படிச் சோதனைகளை நம் ஊருக்குக் கொண்டு வருவதில் மொழிச் சிக்கலும் இருக்கிறது. 2013-ல் சயன்ஸ் இதழில் வந்த மணி, முல்லைநாதன், ஷஃபீர், ஜாவோ ஆய்வு விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாதபோதும், பின்னால் காசு வந்தபோதும் அதே ஆட்களைச் சோதித்தார்கள். நிறத்தின் பெயரை வேறு நிறத்தில் எழுதிக் காட்டும் வழக்கமான ஸ்ட்ரூப் சோதனைக்கு எழுத்துத் தெரிய வேண்டும். அதனால் எண்களுக்கு மாறினார்கள். "5 5 5" என்று காட்டுவார்கள், "மூன்று" என்று சொல்ல வேண்டும், வாய் ஐந்து என்று சொல்லத் துடிக்கும். அறுவடைக்கு முன்னால் அதே விவசாயிகள் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள், தப்பும் அதிகம். திருப்பூர் லைனில் தமிழோடு ஒடியா, இந்தி, வங்காளம் எல்லாம் ஓடுகிறது. எழுத்தே வேண்டாத பி.வி.டி. அங்கே சுலபமாக நுழையும். நுழைந்தால் அது யார் கையில் இருக்கும் என்பதுதான் கேள்வி.

லைனுக்கு முன்னால் வைத்து ஆளை வடிகட்டப் பயன்படுத்தினால் அது இன்னொரு ஸ்டாப் வாட்ச். ஒரே லைனில் உள்ளவர்களிடம், பெயர் எழுதாமல், காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் இரவு எட்டுக்கும் அளந்து, லேப்ஸ் எந்த மணியில் ஏறுகிறது என்று பார்த்தால் அந்த மாறாத களைப்புச் சதவீதத்தைக் கேள்வி கேட்க ஒரு ஆதாரம் கிடைக்கும். ஒரே மென்பொருள், ஒரே பட்டன். 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்புக் கிளம்பியதும் மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பேசியதெல்லாம் முதலீடு, உரிமை, வாரத்தில் எத்தனை நாள் லீவு என்றுதான். பதினோராவது மணியில் ஒரு மனுஷக் கண் எத்தனை தடவை காணாமல் போகிறது என்பது விவாதத்துக்கே வரவில்லை. திருப்பூர் ஆட்களுக்கோ அந்த மசோதா புரியவே கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பன்னிரண்டு மணி நேரம்தானே, ஒன்றரை ஷிப்ட்.

எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஊசி உடைந்தால் ஒரு ரெஜிஸ்டர் உண்டு. உடைந்த துண்டுகளை எல்லாம் தேடிப் பொறுக்கி, பேப்பரில் ஒட்டி, தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுதி வைக்க வேண்டும். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றாலும் அந்தச் சுற்றில் உள்ள பீஸ்களை எல்லாம் தனியே ஒதுக்கிச் சோதிப்பார்கள், வெளிநாட்டுக் குழந்தையின் சட்டையில் போய்விடக் கூடாதே. அந்த ரெஜிஸ்டர்களில் நேரம் எழுதும் காலம் ஒன்று இருக்கிறது. ஒரு வருஷத்து ரெஜிஸ்டரைப் பிரித்து, எந்த மணி நேரத்தில் அதிகம் ஊசி உடைகிறது என்று எண்ணிப் பார்க்க கம்ப்யூட்டர்கூட வேண்டாம், ஒரு பேனாவும் ஒரு மத்தியானமும் போதும்.

மத்தியானம் என்றதும், சாப்பாட்டு நேரத்தில் பவர் டேபிள் யூனிட்களுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். கொண்டு வந்த டப்பாவைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, கட்டிங் டேபிளுக்கு அடியில், வேஸ்ட் துணி மூட்டை மேல் தலையை வைத்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மெஷின் சத்தம் நின்றிருக்கும், ஃபேன் மட்டும் ஓடும். பெல் அடிக்க இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கும்.